சாளக்கிராமம் கடலில் இருந்ததா? அப்படியானால் இமயமலை மேல் யார் தூக்கிப் போட்டது?

கேள்வி: 2023 ஆகஸ்ட் 14

எங்கள் வீட்டுப் பூஜையறையில் பாட்டி நேபாளத்து முக்திநாத்திலிருந்து கொண்டுவந்த சாளக்கிராமம் இருக்கிறது. ஆறாவது படிக்கும் என் மகன் அதைப் பார்த்துவிட்டு, "இது கடல்ல இருந்த உயிரியோட அச்சு, கல்லாயிடுச்சு" என்கிறான். கடல் அவ்வளவு உயரம் ஏறி வடிந்ததா, இல்லை மலைதான் ஏறியதா? இன்னொன்று, அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமும் இதே மாதிரி சுருள் கல் கிடைக்கிறதாமே. அங்கே ஏன் மலை இல்லை? பாட்டிக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும், அதையும் மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 14, இரவு 9:50

நான் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 31 வருடம் சர்வேயராக இருந்தவன். புவியியல் படித்தவன் இல்லை. புவியியலாளர்களுக்குப் பின்னால் சங்கிலி இழுத்துக்கொண்டு நடந்தவன், அவ்வளவுதான்.

மகன் சொன்னது சரி. பெயர் அம்மோனைட். நத்தை இல்லை, கணவாய்க்கு உறவு. முக்திநாத் பகுதியில் கிடைப்பவை கறுப்பு ஷேல் (சேறு இறுகிய) பாறைக்குள் இருக்கும் உருண்டைகள், வயது ஏறத்தாழ 15 கோடி ஆண்டு. அப்போது இந்தியாவின் வடக்குக் கரையில் டெத்திஸ் என்ற கடல். அதன் அடிச்சேற்றில் புதைந்தவை இவை. பிறகு இந்தியா வடக்கே நகர்ந்து ஏறத்தாழ 5 கோடி ஆண்டுக்கு முன் ஆசியாவுடன் மோதியது. கடல் மூடியது, சேறு மலையானது. ஒவ்வொரு நிலநடுக்கத்திலும் இன்னும் கொஞ்சம் உயர்கிறது.

கடல் ஏறவில்லை, மலைதான் ஏறியது. அரியலூர் பற்றி நாளை.

ஆகஸ்ட் 15, காலை 6:20

தூக்கம் வரவில்லை. நேற்று "மோதியது" என்று எழுதியது உறுத்துகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொண்ட காட்சிதான் மனதில் வரும். மோதிய பிறகு வண்டிகள் நின்றுவிடும். இது நிற்கவில்லை. மோதுவதற்கு முன் இந்தியா வருடத்துக்கு 15 செ.மீ. அளவுக்கு வந்துகொண்டிருந்தது, ஒரு தட்டுக்கு, அதாவது பூமியின் மேல்ஓட்டுத் துண்டுக்கு, அது அசாத்திய வேகம். இப்போது 4, 5 செ.மீ. ஒருவர் 70 வருடம் வாழ்ந்தால் அதற்குள் ஏறத்தாழ மூன்று மீட்டர் வடக்கே போயிருப்பார், டிக்கெட் இல்லாமல்.

பின்னாலிருந்து யாரோ தள்ளியதாகவும் நினைக்க வேண்டாம். கொடியில் ஈர வேட்டியைப் போட்டால் ஒரு பக்கம் கனம் கூடி நழுவும், நழுவும் பக்கம் மீதியையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படித்தான் டெத்திஸின் அடித்தரை. குளிர்ந்து கனத்த கடல்தரை ஆசியாவுக்கு அடியில் இறங்க இறங்க, அதோடு ஒட்டியிருந்த இந்தியாவும் இழுபட்டு வந்தது. கடல்தரை தீர்ந்து இந்தியாவின் முறை வந்தது. கண்டத்துப் பாறை லேசானது, உள்ளே போக மறுக்கும். வேட்டியின் மறுநுனியில் ஒரு கட்டையை முடிந்து வைத்திருந்தால் அது கொடியில் வந்து சிக்கும் இல்லையா, அது மாதிரி.

சிக்கிய இடத்தில்தான் மலை.

ஆகஸ்ட் 15, இரவு 8:05

அரியலூர்.

எங்கள் சுரங்கத்தில் அம்மோனைட்டைவிடச் சிப்பிதான் அதிகம். உள்ளங்கை அகலச் சிப்பிகள் அடுக்கடுக்காக, யாரோ கொட்டி வைத்த மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா பார்த்துவிட்டு, "சம்பளத்துக்குப் பதில் இதையா குடுத்தாங்க?" என்றார்.

சுருள் அம்மோனைட் நிறையப் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போக வேண்டும்.

இந்தக் கடல் வேறு. முக்திநாத் கடல் இந்தியாவின் வடக்கு விளிம்பில் இருந்தது. அரியலூர்க் கடல் கிழக்கு விளிம்பில். இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது இந்தக் கரை இழுபட்டு, பிளந்து, தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் கடல் உள்ளே வந்தது, பல முறை வந்து போனது. 11 கோடி ஆண்டுக்கு முன்பிலிருந்து, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக் காலம் வரை அதன் கணக்கு அங்கே எழுதி வைத்திருக்கிறது. பிறகு கடல் பின்வாங்கியது, ஆனால் எந்தக் கண்டமும் வந்து முட்டவில்லை. அதனால் அந்தச் சிப்பி இன்றைக்கும் கடல் மட்டத்துக்கு மேல் 70, 80 மீட்டரில்தான் இருக்கிறது. எத்தனை நாள் அந்த ஆர்.எல்.லை, அதாவது மட்ட உயரத்தை, நானே குறித்திருக்கிறேன்.

ஒன்று கண்டம் பிரிந்த இடத்துக் கடல், இன்னொன்று கண்டம் சேர்ந்த இடத்துக் கடல். பிரிந்த இடத்துக் கல் இருந்த இடத்திலேயே கிடக்கிறது, சேர்ந்த இடத்துக் கல் 3,700 மீட்டர் ஏறிவிட்டது.

எவரெஸ்ட் உச்சியும் சுண்ணாம்புக்கல்தான், தெரியுமா? 45 கோடி ஆண்டுக்கும் பழைய கடல் சுண்ணாம்பு, உள்ளே கடல் அல்லி, ட்ரைலோபைட் என்ற பழைய கடல் உயிரிகளின் துணுக்குகள். எங்கள் மேனேஜரிடம் ஒருமுறை சொன்னேன். "லாரி வாடகை கட்டாதுய்யா" என்றார்.

ஆகஸ்ட் 17

பாட்டியிடம் சொன்னீர்களாமே. அவர் சொன்ன பதிலை இங்கே எடுத்து வைக்கிறேன், தொலைந்துபோகக் கூடாது: "பெருமாள் பாற்கடல்ல படுத்திருக்கிறவர்தானே, கல்லு கடல்ல இருந்துச்சுன்னா அதுல என்ன அதிசயம்?"

நான் இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதியிருக்க வேண்டியதே இல்லை.

ஆகஸ்ட் 18, மாலை

முக்திநாத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா என்று ஒருவர். போயிருக்கிறேன், 2018இல், மனைவியும் அவருடைய பெரியம்மாவும் உடன். வைணவர்கள் திருச்சாளக்கிராமம் என்று கும்பிடும் திவ்யதேசம் அது, பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. பெரியம்மா அங்கே கொட்டும் 108 நீர்த்தாரையிலும் தலையைக் கொடுத்தார், அந்தக் குளிரில். நான் எட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

கோயிலைவிட எனக்கு நினைவில் நிற்பது போகும் வழி. பொக்காராவிலிருந்து வடக்கே காளிகண்டகி ஆற்றோரமாக ஏறும் சாலை. ஓரிடத்தில் மண் சரிந்து ஆறு மணி நேரம் நின்றோம். டூர் ஏற்பாடு செய்தவர் "அரை மணியில் கிளியர் ஆயிடும்" என்று ஆறு மணி நேரமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது நல்லதாகப் போயிற்று, வெட்டுமுகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே முதலில் சிலேட்டு மாதிரி உதிரும் பாறை, அதிகம் வேகாதது. தாதோபானி தாண்டினால் வரிவரியான நைஸ் பாறை, ஆழத்தில் வெந்து உருமாறியது. இன்னும் மேலே போனால் ஜோம்சோம் பக்கம் மறுபடி வேகாத கடல் படிவு, சுண்ணாம்பும் ஷேலும்.

வெந்த பாறை அடியில் இருக்க வேண்டும், வேகாதது மேலே இருக்க வேண்டும். இங்கே வேகாததன் மேல் வெந்தது ஏறி உட்கார்ந்திருக்கிறது. சீட்டுக்கட்டை மேஜை மேல் தள்ளினால் ஒரு சீட்டின் மேல் இன்னொன்று ஏறுமே, அதுதான் நடந்திருக்கிறது. ஆழத்துப் பாறைத் துண்டு ஒன்று, ஒரு பெரிய பிளவு வழியே தெற்கு நோக்கி ஏறிவந்துவிட்டது. அதற்கு மத்தியப் பெரும் உந்துபிளவு என்று பெயர். தாதோபானியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அந்தப் பிளவையொட்டித்தான். பிறகு அது ஓய்ந்து, அதற்குத் தெற்கே இன்னொரு பிளவு, அதற்கும் தெற்கே இன்னொன்று. இன்றைக்கு வேலை நடப்பது கடைசிப் பிளவில், சிவாலிக் குன்றுகளின் காலடியில்.

எனக்கு அதுவரை மடிப்பு மலை என்றால் பாய் சுருங்குவது மாதிரி என்றுதான் எண்ணம், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படம் போட்டார்கள். மடிப்பும் இருக்கிறது, கண்ணாலேயே பார்த்தேன், படுக்க வேண்டிய அடுக்குகள் குத்திட்டு நின்றன. ஆனால் பெரிய வேலையைச் செய்வது சீட்டு ஏறும் விதம்தான்.

ஆகஸ்ட் 18, இரவு 11:10

சொல்ல மறந்தது. அந்த ஆறு ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி, மறு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, இரண்டுக்கும் நடுவே போகிறது. சுற்றிக்கொண்டு போகவில்லை, அறுத்துக்கொண்டு போகிறது. மலை எழும்ப எழும்ப ஆறு தன் தடத்தை விடாமல் அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சிந்துவும் சட்லெஜும் இப்படித்தான். மலையிலிருந்து ஆறு பிறக்கிறது என்று நாம் சொல்கிறோம், இங்கே ஆறு மூத்தது.

மதியத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்றில் தொப்பி போய்விட்டது. விமானமே காலையில் மட்டும்தான்.

ஆகஸ்ட் 20

திருத்தம். முதல் குறிப்பில் "ஒவ்வொரு நிலநடுக்கத்திலும் இன்னும் கொஞ்சம் உயர்கிறது" என்று எழுதியிருந்தேன். ஒரு தம்பி வந்து, "2015இல் நேபாளத்தில் மலை தாழ்ந்தது என்று செய்தி வந்ததே ஐயா" என்று கேட்டுவிட்டார். அவர் சொல்வதுதான் சரி.

2015 ஏப்ரல் 25, ரிக்டர் என்று பேப்பரில் போடுவார்களே, அந்த அளவு 7.8. ஒன்பதாயிரம் பேருக்குக் கிட்ட இறந்தார்கள். காத்மாண்டு பள்ளத்தாக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலே வந்தது, தெற்கேயும் நகர்ந்தது. அதற்கு வடக்கே உயரமான மலைப்பகுதி தாழ்ந்தது, சில இடத்தில் அரை மீட்டருக்கு மேல். காரணம் இது: இந்தியா அடியில் நுழைகிறது, ஆனால் மேல்பகுதியில் பிளவு பூட்டிக்கொண்டு நிற்கிறது. நிற்கும் காலத்தில் வடக்கே இருக்கும் மலை அழுத்தத்தில் புடைத்து வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் எழும்புகிறது. ஒரு நாள் பூட்டு விட்டுப்போனதும் புடைத்தது இறங்கும், முன்பகுதி துள்ளி வெளியே வரும். வரவும் செலவும் கழித்த மிச்சம்தான் மலை.

வருடம் 4, 5 செ.மீ. வரும் இந்தியாவில் 2 செ.மீ. அளவுக்கு இமயமலையிலேயே அடங்குகிறது. மீதியைத் திபெத்தும் அதற்கு அப்பாலும் வாங்கிக்கொள்கின்றன. அந்த 2 செ.மீ. 1934 பீகார்-நேபாள நிலநடுக்கத்திலிருந்து, 1950 அசாம் நிலநடுக்கத்திலிருந்து, எங்கெங்கே விட்டதோ அங்கிருந்து மறுபடி சேர்ந்துகொண்டிருக்கிறது. சேமிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி.

ஆகஸ்ட் 21, காலை

இப்போது எனக்குப் பிடித்த இடம். சர்வேயர் கதை.

1802இல் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே 12 கி.மீ. சொச்சம் அடிக்கோடு அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய வேலைக்கு அதுதான் ஆரம்பம். அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, மாட்டிலும் ஆளிலும் ஏற்றி ஊர் ஊராகத் தூக்கினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் இடித்து வட்டத்தட்டு கோணிப்போயிற்று. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக் கணக்கில் தட்டித் தட்டி நேராக்கினாராம். இந்தக் கதையை நான் எத்தனை முறை சொன்னாலும் என் மனைவி "பாவம்" என்பார், கருவியை நினைத்தா ஆளை நினைத்தா என்று தெரியாது.

அவருக்குப் பிறகு எவரெஸ்ட் என்பவர் வேலையை வடக்கே கொண்டுபோனார், மலைக்கு இருப்பது இவர் பெயர்தான். மத்திய இந்தியாவில் கல்யாண்பூர், வடக்கே இமயத்தின் பக்கம் கலியானா, இரண்டுக்கும் உள்ள தூரத்தை முக்கோண அளவையால் ஒருமுறை, நட்சத்திரம் பார்த்து ஒருமுறை கணக்கிட்டார்கள். இரண்டும் 5.236 விகலை வித்தியாசம் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை). தரையில் 160 மீட்டர். எங்கள் சுரங்கத்தில் 16 செ.மீ. தவறினாலே மெமோ வரும்.

கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த பிராட், தூக்குக்குண்டை மலை தன் பக்கம் இழுத்திருக்கும், அதனால்தான் தவறு என்றார். சரியான யோசனை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் மலையின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் 15.885 விகலை வந்தது. மூன்று மடங்கு! மலை இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை.

1855இல் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் சொன்ன விளக்கம்: தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டையைப் பாருங்கள். எது மேலே அதிகம் துருத்துகிறதோ அது அடியிலும் அதிகம் இறங்கியிருக்கும். மலைக்கு அடியில் லேசான பாறையால் ஆன வேர் இருக்கிறது, அங்கே இருக்க வேண்டிய கனமான பாறை இல்லை, அதனால்தான் இழுப்பு குறைகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திபெத் சராசரி 5 கி.மீ. உயரம், வேர் 27, 28 கி.மீ. சாதாரண மேலோடு 35. மூன்றையும் கூட்டினால் 68 வருகிறது. நில அதிர்வு அலைகளை வைத்துப் பிற்காலத்தில் பார்த்தபோது திபெத்தின் மேலோடு ஏறத்தாழ 70 கி.மீ. தடிமன். ஒரு தூக்குக்குண்டு சொன்னது!

தட்டு, நகர்வு என்று யாரும் பேசாத காலம் அது. மலையின் வேர் தெரிந்தது, வேர் எப்படி வந்தது என்று தெரிய இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

ஆகஸ்ட் 21, காலை, தொடர்ச்சி

"ஏரி என்றால் எந்த ஏரி?" என்று கேட்காதீர்கள். ஆள் பெயர். ஏரி, குளம் எல்லாம் இல்லை.

ஆகஸ்ட் 24

மேற்குத் தொடர்ச்சி மலையும் இப்படி வந்ததா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இல்லை. அங்கே எதுவும் வந்து முட்டவில்லை. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்துபோனது, பிரிந்த விளிம்பு செங்குத்தாக நிற்கிறது. அதனால்தான் கேரளப் பக்கம் சுவர் மாதிரியும் நம் பக்கம் படிப்படியாகவும் இருக்கிறது.

ஆனால் உயரம் வேறு, பாறை வேறு. பாறையின் கதை மிகப் பழையது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது, தெற்கே இமயத்தைப் போன்ற மலைத்தொடர் ஒன்று இருந்தது என்பது கருத்து. பழனி மலைப் பாறைகளில் சில 900 டிகிரிக்கு மேல் வெந்தவை, அந்தச் சூடு ஆழத்தில்தான் கிடைக்கும். மேலே இருந்த மலை முழுக்கக் கரைந்து போக, அதன் வேர் நம் காலடியில் தெரிகிறது. இதே மாதிரிப் பாறை இலங்கையின் மலையகத்திலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவிலும் கிடைக்கிறது. பாலக்காட்டுக் கணவாயையொட்டிப் போகும் கோட்டைத்தான் பழைய கடல் மூடிய தையல் என்று பலர் சொல்கிறார்கள், வாதம் முடியவில்லை.

கொடைக்கானலில் நின்று இமயமலையின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்று யோசிப்பவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். மற்றவர்கள் மக்காச்சோளம் சாப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. பரங்கிமலை, பல்லாவரம் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர், 250 கோடி ஆண்டுப் பழசு. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக்கல் இந்தப் பக்கத்துப் பாறை. அதை வைத்து ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் பெயர் சூட்டினார். நியாயமாகப் பல்லாவரகைட் என்று வைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 25

குமரிக்கண்டத்தை இழுக்க வேண்டாம் என்று நினைத்தேன், இழுத்துவிட்டீர்கள். சுருக்கமாக: லெமூரியா என்பது 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்த பெயர், லெமூர் இனம் மடகாஸ்கரிலும் கடலைத் தாண்டி இந்தியாவிலும் எப்படி இருக்கிறது என்பதை விளக்குவதற்காக. கண்டங்கள் நகரும் என்று தெரிந்த பிறகு நடுவில் ஒரு நிலத்தை மூழ்கடிக்கும் தேவையே இல்லாமல் போயிற்று. மேலே சொன்ன மரக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். லேசான கண்டப் பாறை மொத்தமாக அடியில் போய் மறையாது. கரையோரம் கடல் கொண்டது என்பது வேறு விஷயம். கடைசிப் பனியுகத்தில் கடல் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, பாக் நீரிணை நடந்து போகும் நிலமாக இருந்தது. அந்த நினைவு எங்கேயாவது தங்கியிருக்குமா என்றால், அதற்கு வேறு இழை தொடங்குங்கள். நான் வரமாட்டேன்.

ஆகஸ்ட் 29

"தட்டு நகர்வதை நாம் உணரவே முடியாதா?" உணர்ந்திருக்கிறோம், இரண்டு முறை.

2004 டிசம்பர் 26. நம் தட்டின் கிழக்கு விளிம்பு சுமத்ரா, அந்தமானுக்கு அடியில் நுழையும் இடத்தில் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பூட்டு விட்டது. நிகோபாரின் தென்முனை இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கலங்கரை விளக்கம் தண்ணீரில் நிற்கிறது, அந்தமானின் வடக்கே பவளப்பாறை மேலே வந்து காய்ந்தது. ஒரே நிகழ்வு, ஒரு முனையில் நிலம் போயிற்று, மறு முனையில் நிலம் வந்தது. அலையைப் பற்றி இங்கே எழுதவில்லை. நாகப்பட்டினத்தில் என் சித்தப்பா வீடு இருந்தது.

2012 ஏப்ரல் 11. சென்னையில் அலுவலகங்களை விட்டு எல்லோரும் தெருவுக்கு ஓடிய நாள். 8.6 அளவு, ஆனால் விளிம்பில் இல்லை, தட்டின் நடுவிலேயே பிளந்தது. பக்கவாட்டில் சறுக்கியதால் பெரிய அலை எழவில்லை. வடக்கே இந்தியா இமயத்தில் சிக்கித் திணற, கிழக்கே ஆஸ்திரேலியப் பகுதி தடையில்லாமல் போக, ஒரே தட்டு என்று நினைத்தது இலங்கைக்குத் தெற்கே இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. இமயத்தின் முரண்டு இங்கே கடலடியைக் கசக்குகிறது.

அதே கடலடியில் இமயமலையே கிடக்கிறது என்றால் நம்புவீர்களா? கங்கையும் பிரம்மபுத்திராவும் அறுத்துக்கொண்டு வந்த மண் வங்காள விரிகுடாவின் அடியில் 3,000 கி.மீ. நீளத்துக்குப் படிந்திருக்கிறது. 1987இல் இலங்கைக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுப் பக்கம் கடலடியைத் துளைத்தபோது வந்ததும் இமயத்து மண்தான், 1.7 கோடி ஆண்டுப் பழையதுகூட. மலை கரைய வேரின் சுமை குறையும், குறைந்தால் மறுபடி மிதந்து எழும்பும். எழும்பினால் ஆறு மறுபடி அறுக்கும்.

செப்டம்பர் 3

கான்சர் என்ற சுவிஸ் புவியியலாளர் 1936இல் யாத்திரிகர் வேடத்தில் திபெத்துக்குள் நுழைந்து கைலாசத்துக்குத் தெற்கே கடலடிப் பாறையைக் கண்டார். டெத்திஸின் தரை, மூடிய தையலில் பிதுங்கிய துண்டு. எல்லோரும் கைலாசத்தைப் பார்க்க, அவர் காலடியைப் பார்த்திருக்கிறார். ஆறு மணி நேரம் வெட்டுமுகத்தையே பார்த்ததற்கு மனைவியிடம் வாங்கிய திட்டுக்கு இனிமேல் இவர் பெயரைச் சொல்வேன்.

செப்டம்பர் 4

அம்மா, பையனைக் கூட்டிக்கொண்டு காரைக்கு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தை பிறந்த பிறகு வாருங்கள். மழை மண்ணைக் கழுவிவிட்டுப் போயிருக்கும், புதிதாகத் தெரியும். நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் அவசியம். சரளை வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ. எடுத்துக்கொண்டு போகக் கூடாது, படம் எடுத்துக்கொள்ளலாம். பாட்டி வந்தால் கார் ஓரமாக உட்கார நாற்காலி ஒன்று கொண்டுவருகிறேன்.

சாளக்கிராமத்தையும் கொண்டுவரலாமா என்று பையன் கேட்டானாம், பக்கத்தில் வைத்துப் பார்க்க. அதைப் பாட்டியிடம் கேளுங்கள்.